கடைசி எடை

அவளுக்கு என்னிடம் பெயர் கிடையாது. 0417.
வயது ஐம்பத்து மூன்று, ஊர் டுலூத்.
ஏரி பாளம் பாளமாய் உறைந்துகிடந்த ஜனவரியில்
கம்பளிக் காலுறையைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு
எடை மேடையில் ஏறியிருக்கிறாள்.
எண்பத்தொன்பது புள்ளி ஆறு.
(ஊரெல்லாம் பவுண்டு; ஆய்வுக்கு மட்டும் கிலோ.)
அடுத்த வாரம் காதணியும் கழன்றிருக்கிறது.
தாளின் ஓரத்தில் தாதி பென்சிலால் கிறுக்கியிருக்கிறாள்:
"இன்று சிரித்தார்."
சிரிப்புக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

நான் எண்களை ஏற்றுபவன். மணிக்குப் பத்தொன்பது டாலர்.
எனக்குத் தருவது பல்கலைக்கழகம்,
பல்கலைக்கழகத்துக்குத் தருவது
அந்தப் பொடி டப்பாக்களை விற்கும் கம்பெனி.
ஒளிவுமறைவு ஒன்றுமில்லை;
கட்டுரையின் கடைசிப் பக்கத்தில்
எறும்பு படிக்கும் அளவில் அச்சிட்டிருப்பார்கள்.
வெந்நீர் ஊற்றினால் வெனிலா வாசத்தோடு வீங்கும் பொடி.
எனக்கும் ஒரு டப்பா இலவசமாய்க் கொடுத்தார்கள்.
ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறேன்.
அதுவரை பலன் உண்டு.

பதினோராம் வாரம்: எண்பத்து மூன்று புள்ளி இரண்டு.
பன்னிரண்டில் ஆள் வரவில்லை.
மூன்று முறை அழைத்தோம், எடுக்கவில்லை
என்கிறது குறிப்பு.
பதின்மூன்று, பதினான்கு,
வெள்ளைக் கட்டம், வெள்ளைக் கட்டம்.

டாக்டர் ஹாவ்லிசெக் நல்ல மனிதர்.
என் மகள் பிறந்தபோது
தன் கையாலேயே தொப்பி பின்னிக் கொடுத்தவர்.
தோளுக்குப் பின்னால் நின்று சொன்னார்:
"கடைசியாகக் கிடைத்த எடையை
அப்படியே முன்னால் இழுத்துவிடு, ஒரின்.
அதற்கு முறை இருக்கிறது,
முறைக்குப் பாடநூலில் பெயரும் இருக்கிறது."

இழுத்தேன்.
எண்பத்து மூன்று புள்ளி இரண்டு
எண்பத்து மூன்று புள்ளி இரண்டு
எண்பத்து மூன்று புள்ளி இரண்டு
ஈஸ்டர் ரொட்டியைக் கடந்தாள்,
ஜூலை நான்காம் தேதியின் பன்றி விலாவைக் கடந்தாள்,
வான்கோழியை, அதன் பின்னால் வந்த பூசணிப் பணியாரத்தை,
ஒரு கிராம் ஏறாமல், ஒரு கிராம் இறங்காமல்
ஐம்பத்திரண்டாம் வாரம் வரை
கண்ணாடிப் பேழைக்குள் நடப்பவள்போல் நடந்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில்
தொண்ணூற்றேழு பேருக்கு இப்படி.
காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
யார் சொன்னது?
தொண்ணூற்றேழு பேரை
ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் உட்கார வைத்தேன்.
ஒருவர் முழங்கைகூட வெளியே தெரியவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல்
அவளுக்கு மார்லிஸ் என்று பெயர் வைத்தேன்.
மார்லிஸ் பசி தாங்காமல் விட்டிருப்பாள்.
இல்லை, தங்கையின் வீடு எரிந்து ஃபார்கோ போயிருப்பாள்.
இல்லை, பழைய எடை வட்டியோடு திரும்பிவர
அந்தத் தாதியின் முகத்தைப் பார்க்கக் கூசியிருப்பாள்.
இல்லை, பொடியே போதும், ஆய்வு எதற்கு என்று
மெலிந்து, மகிழ்ந்து, எங்கோ நடனமாடிக்கொண்டிருப்பாள்.
அதுவும் நடக்கக்கூடியதுதான்.
இறந்தும் போயிருக்கலாம்.
விடியும்போதுதான் உறைத்தது:
வெள்ளைக் கட்டத்தை
நானும்தான் இழுத்து இழுத்து நிரப்புகிறேன்.
எனக்குக் காசு கொடுப்பவர் இல்லை, அவ்வளவே.

இப்போது ஏழாம் எண் பேருந்தின் முதுகில்
ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது:
"ஆறு கிலோ. ஆய்வில் நிரூபணம்."
நேற்று அதன் உள்ளே, என் எதிர் இருக்கையில்
ஐம்பது கடந்த ஒரு பெண்
கையுறையில் ஒட்டிய டோனட் சர்க்கரையை
நிதானமாக நக்கிக்கொண்டிருந்தாள்.
காதில் அணி இருந்தது.
கேட்க வாயெடுத்தேன்.
என்னவென்று கேட்பது?
அவள் நிறுத்தம் வந்தது. கம்பியைப் பிடித்து எழுந்தாள்,
பனியில் கால் வைத்து இறங்கினாள்,
எத்தனை கிலோ என்று
பேருந்துக்குத் தெரிந்திருக்கும். லேசாக உயர்ந்தது.